மறு: "செயல்திறன் டயர்" வேண்டாம், வேறு சொல் தாருங்கள் (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

செந்தூல், கோலாலம்பூர். திங்கள் இரவு

மடற்குழு அன்பர்களுக்கு வணக்கம்.

செந்தூலில் மாலை நேர மோட்டார் வகுப்பு எடுக்கிறேன் என்பது பலருக்குத் தெரியும். பையன்களுக்காக எட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு தயாராகிறது. கொஞ்சம் வேகமான, தாழ்ந்த காடிக்கு (காருக்கு) டயர் மாற்றும்போது எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் பொருள். மலாய்ப் பகுதி முடிந்துவிட்டது. தமிழ்ப் பகுதி என் பொறுப்பு, வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

'பெர்ஃபார்மன்ஸ் டயர்' என்பதற்குச் 'செயல்திறன் டயர்' என்று எழுதியிருந்தேன். வகுப்பில் வாசித்துக் காட்டியபோது ஒரு பையன் கேட்டான்: "சார், அப்ப மத்த டயர் எல்லாம் செயல்படாதா?" நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. ஒரு சொல்லுக்குப் பத்து நிமிட விளக்கம் வேண்டும் என்றால் அது சரியான சொல் இல்லை.

எனக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. என் காடியின் டயர் அளவு 225/40 ஆர் 18. போன வருடம் ஒரு கடையில் 'ஒய்' என்ற வேகக் குறியீட்டைப் பார்த்து, மணிக்கு 300 கிலோமீட்டர் தாங்கும் டயர் நல்ல டயராகத்தான் இருக்கும் என்று நம்பி வாங்கினேன். காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் இறக்கத்தில் மழை. பிரேக்கை அழுத்தியும் காடி நேராகப் போய்க்கொண்டே இருந்தது. தடுப்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. வீட்டுக்கு வந்து பார்த்தேன்: தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு எண்களின்படி அது ஐந்து வருடம் பழைய சரக்கு. புதியது என்று சொல்லித்தான் விற்றார்கள். அன்று பின்சீட்டில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் இந்தக் கையேட்டைத் தமிழில் சரியாக எழுத வேண்டும் என்று நிற்கிறேன்.

எனக்கு வேண்டியவை: பெர்ஃபார்மன்ஸ் டயர், கிரிப் (சாலையைப் பிடிக்கும் தன்மை), டிரெட் (சாலையைத் தொடும் பள்ளம் வெட்டிய பரப்பு), சைட்வால் (டயரின் பக்கப் பகுதி), அக்குவாபிளேனிங் (டயர் தண்ணீர்மேல் ஏறிவிடுவது).

---

பினாங்கு. செவ்வாய் காலை

தம்பிக்கு வணக்கம். மகள் நலம் என்பதில் மகிழ்ச்சி.

முதலில் அடிப்படையைப் பேசுவோம். நம் நாட்டுத் தமிழ் ஏடுகள் மகிழுந்து, பேருந்து என்று எழுதிப் பழகிவிட்டன. அந்த மகிழுந்துக்கு அடியில் 'டயர்' என்று இருந்தால் கண்ணை உறுத்தாதா?

'கடலோடா கால்வல் நெடுந்தேர்' என்கிறது குறள். இங்கே கால் என்றால் சக்கரம். கால் என்றால் காற்றும்தான், காற்று என்ற சொல்லே அதிலிருந்து வந்தது. ஆக, நம் மொழியில் சக்கரத்துக்கும் காற்றுக்கும் ஒரே பெயர். காற்றடைத்த டயர் பரவியது 1888இல் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்குச் செய்து கொடுத்த பிறகுதான். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழன் இரண்டையும் ஒரு சொல்லில் அடைத்து வைத்திருக்கிறான். காலும் காற்றும் கலந்தது டயர். இதை நாற்பது ஆண்டுகளாக மனத்தில் வைத்திருக்கிறேன். என் முன்மொழிவு: 'வளிவட்டை'. வளி என்றால் காற்று. வட்டை என்பது தேர்ச்சக்கரத்தின் விளிம்பு. நேமி என்றும் சொல்லலாம், ஆனால் அது திருமாலின் கையில் இருப்பதால் வேண்டாம்.

மற்ற நான்கு சொற்களுக்கு மாலையில் எழுதுகிறேன்.

---

கிள்ளான். செவ்வாய் மதியம்

ஐயா, உங்களிடம் தமிழ் படித்தவர்களிடம் நான் தமிழ் படித்தேன். ஆனால் என் பட்டறைக்கு வந்து யாராவது 'வளிவட்டை மாத்தணும்' என்றால் நான் எந்தச் சாமானை எடுப்பேன்? டயர் என்ற சொல் தோட்டத்து லாரி காலத்திலேயே நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. அதை விட்டுவிடுவோம் ஐயா.

டிரெட்டுக்குப் புதுச்சொல் தேவையே இல்லை. 'பூ'. மலாய்க்காரர்கள் 'புங்ஙா தாயார்' என்கிறார்கள், டயர்ப் பூ. நாங்களும் அப்படித்தான் பேசுகிறோம். "அண்ணே, பூ எவ்வளவு இருக்கு?" என்றுதான் வாடிக்கையாளர் கேட்பார். புது டயரில் பூ ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். சட்டப்படி 1.6 வரை ஓட்டலாம், பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு பூவோடு சமமானால் அந்த அளவு வந்துவிட்டது. ஆனால் நம் ஊர் மழைக்கு நான் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றச் சொல்லுவேன். பூவின் பள்ளம்தான் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. பூ தேய்ந்தால் தண்ணீருக்குப் போக இடம் இல்லை, டயர் தண்ணீர்மேல் ஏறிவிடும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் சாயங்கால மழை கொட்டும்போது கூட்டரசு நெடுஞ்சாலையில் இதை நீங்களே பார்க்கலாம்.

இதைப் பையன்களுக்குப் 'பூ' என்று சொன்னால் ஒரு நிமிடத்தில் புரியும்.

---

சென்னை. செவ்வாய் இரவு

வணக்கம். இரண்டு மறுப்புகள்.

ஒன்று, பினாங்கு ஐயாவின் வட்டை. மாட்டுவண்டிச் சக்கரத்தில் நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால், அதைச் சுற்றி மரத்தாலான வட்டை, அதன்மேல் இரும்புப் பட்டை. தரையைத் தொடுவது பட்டைதான். டயருக்குப் பழந்தமிழ் வேண்டுமென்றால் அது பட்டையாக இருக்க வேண்டும். வட்டை என்பது இன்றைய ரிம்.

இரண்டு, 'பூ'. இது மலாய் வழக்கின் நேர் பெயர்ப்பு. தமிழ்நாட்டு மெக்கானிக் 'பட்டன் தேஞ்சு போச்சு' என்பார், பூ என்றால் அவருக்குப் புரியாது. நூலுக்குள் போகும் சொல் எல்லாத் தமிழருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். 'மிதிமுகம்' என்று வையுங்கள். சாலையை மிதிக்கும் முகம். மிதிமுக ஆழம், மிதிமுகத் தேய்வு என்று சொல் வளரும். பூ ஆழம் என்று எழுத முடியுமா?

கிரிப்புக்குப் 'பற்று' என்று நேற்று ஒருவர் தனிமடலில் சொன்னார். பற்று என்றால் ஆசையும் வரும், கணக்கில் பற்று வரவும் வரும். 'பற்றற்ற டயர்' என்று எழுதினால் துறவி டயர் என்று பொருள்படும். 'பிடிமானம்' மேல்.

---

ஈப்போ. புதன் காலை

சென்னை அண்ணாவுக்கு வணக்கம். பூ மலாய்க் கடன் என்று எப்படிச் சொல்லுகிறீர்கள்? தேங்காய்த் துருவலைத் தேங்காய்ப்பூ என்கிறோம். பூப்போட்ட சேலை என்கிறோம். கண்ணில் விழுவதும் பூதான். மேல்பரப்பில் எழும்பி நிற்கும் வடிவத்துக்குத் தமிழ் பூ என்று பெயர் வைக்கும். மலாய்க்காரர்களுக்கும் அதே கண் இருந்தது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் அதே சொல் இருப்பதால் நம் வீட்டுச் சொல்லைத் தூக்கிப் போட வேண்டுமா? 'பூவின் ஆழம்' என்று எழுதினால் ஆயிற்று.

நான் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். மரத்தில் வெட்டிய இடத்தில் உறைந்து ஒட்டிக்கொண்டிருப்பதை ஒட்டுப்பால் என்போம், அதைப் பிய்த்துச் சேர்ப்பது பிள்ளைகள் வேலை. கையில் ஒட்டினால் போகாது. கிரிப் என்றதும் எனக்கு அந்த ஒட்டுத்தான் ஞாபகம் வருகிறது. கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது, பள்ளிப் பிள்ளைகளோடு போய்ப் பார்த்திருக்கிறேன். டயர் என்ற பொருளுக்கே நம் கைரேகை இருக்கிறது. அதனால்தான் இந்தக் கையேடு தமிழில் வருவது எனக்குப் பெரிதாகப் படுகிறது. வேகமான காடிகளின் டயரில் இப்போது செயற்கை ரப்பர்தான் அதிகம், ஈரத்தில் பிடிக்க சிலிக்கா சேர்க்கிறார்கள், அது எனக்குத் தெரியும். ஆனாலும்.

'சைட்வால்' பற்றி யாரும் எழுதவில்லை. பக்கச்சுவர் என்று எழுதாதீர்கள், சுவர் அசையாது. இது அமுங்கும், நெளியும், பள்ளத்தில் விழுந்தால் வீங்கும். 'விலா' என்று வையுங்கள்.

---

கிள்ளான். புதன் மதியம்

விலா! அக்கா, இதை இன்றே பட்டறையில் சொல்லிப் பார்த்தேன். "விலாவில் வீக்கம் இருக்கு" என்றேன். யாரும் என்ன என்று கேட்கவில்லை.

225/40 என்றால் டயரின் அகலம் 225 மில்லிமீட்டர், விலாவின் உயரம் அதில் 40 விழுக்காடு, அதாவது 90 மில்லிமீட்டர். விலா குட்டையாக இருந்தால் திருப்பத்தில் நெளியாது, ஆனால் குழியில் ரிம் அடிபடும். எங்கள் ஊர் குழிக்கு இதையும் எழுதிவிடுங்கள் அண்ணே.

---

டொராண்டோ. புதன்

வணக்கம். நாங்கள் ரயர் என்று எழுதுவோம், சக்கரத்தைச் சில்லு என்போம், அதை விடுகிறேன். இங்கே நீங்கள் பேசும் வகையைக் கோடைகால ரயர் என்றுதான் விற்பார்கள். வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் அந்த ரப்பர் விறைத்துப் பிடிக்காது. உங்களுக்குக் கோடையும் இல்லை குளிரும் இல்லை. ஆகையால் அந்தப் பெயர் அங்கே பொருந்தாது.

நான் யோசித்தது: இதை வாங்குகிற ஆள் எதற்குக் காசு கொடுக்கிறார்? பிடிமானத்துக்கு. 'பிடிவலு ரயர்' என்றால் என்ன?

---

செந்தூல், கோலாலம்பூர். புதன் இரவு

பிடிவலு! இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் ஒரு பையன் 'வேக டயர்' என்று வைக்கலாமே என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெயரிலேயே வேகம் இருந்தால் பதினெட்டு வயதுப் பையன் என்ன நினைப்பான்? 'ஒய்' குறியீட்டில் ஏமாந்தது நானே. அந்த எழுத்து டயர் எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்று சொல்லுமே தவிர, ஈரத்தில் எங்கே நிற்கும் என்று சொல்லாது. அதற்கு விலாவில் வேறு குறிகள் உண்டு. ஈரப்பிடிக்கு ஏஏ, ஏ, பி, சி என்ற தரம். தேய்மானத்துக்கு ஓர் எண்: 200, 300 என்றிருந்தால் பொதுவாக மென்மையான ரப்பர், நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். 500க்கு மேல் என்றால் நீண்ட நாள் உழைக்கும். ஒவ்வொரு நிறுவனமும் தானே சோதித்துப் போடும் எண் என்பதால் ஒரே நிறுவனத்தின் இரண்டு டயரை ஒப்பிடத்தான் அதை நம்பலாம். பையன்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்காரரிடம் கேள்வி கேட்க வேண்டும். அதற்குச் சொல் வேண்டும்.

---

பினாங்கு. வியாழன் காலை

அனைவருக்கும் வணக்கம்.

பட்டை பற்றிச் சென்னை நண்பர் சொன்னது சரி. தச்சர் வழக்கு எனக்கு மறந்துவிட்டது. அப்படியானால் 'வளிப்பட்டை'. டயர் என்பதை நான் ஏற்கவில்லை.

பிடிவலு நல்ல சொல். பிடி பெண்யானையையும் குறிக்கும், அதனால் சொல்லுக்கு வலுவே கூடுகிறது. சுமைக் குறியீட்டைச் 'சுமையெண்' என்று எழுதுங்கள், 92 என்றால் ஒரு டயருக்கு 630 கிலோ என்று விளக்குங்கள். பக்கத்திலேயே 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்ற குறளைப் போடுங்கள். மயிலிறகுதான் ஆனாலும் அளவு மீறினால் வண்டியின் அச்சு முறியும். காடியோடு சேர்த்துப் படித்தால் மறக்காது.

அக்குவாபிளேனிங் 'நீர்வழுக்கல்' அன்று. வழுக்கும்போது டயர் தரையைத் தொட்டுக்கொண்டுதான் வழுக்கும். இங்கே தொடுவதே இல்லை. நீரில் ஏறி நிற்கிறது. 'நீர்மிதப்பு'.

---

சென்னை. வியாழன் மாலை

நீர்மிதப்புக்கு என் வாக்கு. பிடிவலு, பிடிமானம், விலா, சுமையெண் எல்லாவற்றுக்கும் உடன்பாடு. பூவுக்கு இல்லை. தேங்காய்ப்பூ எடுத்துக்காட்டு அழகானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மதுரையில் ஒரு மாணவன் 'டயர்ப் பூ' என்று படித்தால் நின்றுவிடுவான். குறைந்தது ஒரு முறையாவது மிதிமுகம் என்று போடுங்கள்.

---

ஈப்போ. வியாழன் மாலை

அண்ணா, கையேடு செந்தூல் மாணவனுக்கு.

---

செந்தூல், கோலாலம்பூர். வியாழன் நள்ளிரவு

கோப்பை அனுப்பிவிட்டேன். டயர், பிடிவலு டயர், பிடிமானம், பூ, விலா, நீர்மிதப்பு, சுமையெண். கடைசிப் பக்கச் சொற்பட்டியலில் 'பூ: மிதிமுகம் என்றும் சொல்வர்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். குறளும் இருக்கிறது. இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியதைப் பின்னால் போடச் சொல்லும் பத்தியைக் கிள்ளான் தம்பி திருத்திக் கொடுத்தார், மழையில் பின்பக்கம் வீசினால் திருப்பிப் பிடிப்பது கடினம் என்ற காரணத்தோடு.

பினாங்கு ஐயா, வளிப்பட்டை இந்த முறை இடம்பெறவில்லை. மன்னிக்கவும்.

---

பினாங்கு. வெள்ளி காலை

மன்னிப்பு எதற்குத் தம்பி, அச்சாகட்டும். எனக்கு ஒரு படி அஞ்சலில் அனுப்பு. டயர் என்று வரும் இடமெல்லாம் பென்சிலால் வளிப்பட்டை என்று எழுதித் திருப்பி அனுப்புகிறேன். இரண்டாம் பதிப்புக்கு முன்னால் படித்துப் பார்.