ஏற்காட்டில் இயற்கைப் படம் எடுக்க ஏற்றது ஐப்பசியா, பங்குனியா?

அஸ்தம்பட்டிவாசி:
அனைவருக்கும் வணக்கம். என் மகனுடன் பணிபுரியும் ஜெர்மானியர் ஒருவர் முதன்முறையாக இந்தியா வருகிறார். இயற்கைப் படக்கலையில் தேர்ந்தவரான அவர், பயணத்தில் மூன்று நான்கு நாட்களைச் சேலத்தில் எங்கள் வீட்டில் கழிக்க விரும்புகிறார். ஏற்காட்டில் படகுத்துறையையும் பஜ்ஜிக் கடைகளையும் தவிர என்ன இருக்கிறது, முதுமலைக்கு அழைத்துப் போங்கள் என்கிறார்கள் உறவினர்கள். அவரோ, ஜீப்பில் வரிசையில் நின்று புலி பார்ப்பதில் நாட்டமில்லை, ஒரே மலையை நிதானமாகப் பார்த்தால் போதும் என்று எழுதியிருக்கிறார். ஐப்பசியில் வரலாம், பங்குனியிலும் வரலாம் என்பது அவர் நிலை. எந்த மாதத்தைச் சொல்வது? ட்ரோன் ஒன்றையும் எடுத்து வரும் எண்ணம் அவருக்கு இருக்கிறது.

தோட்டத்துக்காரர்:
நான் பங்குனியைத்தான் சொல்வேன். எங்கள் மலையில் பெரும்பாலும் அரபிகா காப்பிதான். மார்ச், ஏப்ரலில் பூமழை (காப்பி மொட்டை மலரச் செய்யும் கோடை மழை) பெய்து எட்டுப் பத்து நாள் கழிந்ததும் மொட்டெல்லாம் ஒருசேர மலர்ந்து, இரண்டு மூன்று நாளில் பழுப்பேறிவிடும். அந்த விடிகாலையில் தோட்டத்துக்குள் நின்றால் மல்லிகையை ஒத்த மணமும் தேனீக்களின் இரைச்சலும் ஆளைச் சூழ்ந்துகொள்ளும். கிளையின் கணுவுக்குக் கணு வெள்ளைக் கொத்து, அதில் மகரந்தம் அப்பிய காலோடு தேனீ. சிறியவற்றை நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வைத்திருப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வெயில் ஏறிய பிறகு எடுக்க வேண்டாம். சில்வர் ஓக் மர நிழலின் ஊடே விழும் வெளிச்சத் திட்டுகள் படத்தைக் கெடுப்பதோடு, வெள்ளை இதழில் நுணுக்கமே பதியாமல் போகும். மேகம் மூடிய காலையே உகந்தது. தோட்டங்கள் தனியார் நிலம் என்பதால் மேலாளரிடம் கேட்டுக்கொண்டே உள்ளே செல்ல வேண்டும். காட்டெருமை நடமாட்டமும் உண்டு. அது தலையைத் தூக்கி நம்மைப் பார்த்தால், படத்தை மறந்து பின்வாங்கிவிடுவது நல்லது.

கன்னங்குறிச்சியான்:
காப்பிப் பூவின் அழகை மறுப்பவன் அல்லன் நான். ஆனால் மழை என்றைக்குப் பெய்யும் என்று யாருக்கும் தெரியாத நிலையில், பல மாதங்களுக்கு முன்பே விமானச் சீட்டு எடுக்கும் வெளிநாட்டவரை அதை நம்பி வரச்சொல்வது நியாயமாகப் படவில்லை. ஐப்பசியே என் பரிந்துரை. வடகிழக்குப் பருவமழையில் ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால்தான் கிளியூர் அருவிக்கு உயிர் வரும்; கோடையில் அங்கு போனால் பெரும்பாலும் வெறும் பாறையைத்தான் பார்க்க நேரும். கிழக்கு விளிம்பில் இருக்கும் பகோடா பாயிண்டில் விடியலுக்கு முன்பே கேமரா முக்காலியை நிறுத்திவிட வேண்டும். பள்ளத்தாக்கில் தேங்கிய பனிமூட்டத்தின் மேல் முதல் வெளிச்சம் படும் சிறிது நேரம்தான் படத்துக்குரியது. மாலைக்கு லேடீஸ் சீட். வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்து மேட்டூர் நீர்த்தேக்கம் வரை கண்ணுக்கு எட்டும்.

ஆனால் உங்கள் விருந்தினரைப் போன்றவருக்கு இந்தக் காட்சிமுனைகளைவிட மலைப்பாதையே பெரிது என்பேன். சேலம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சியோ 1,600 மீட்டரைத் தாண்டுகிறது. அடிவாரத்தில் முட்புதர், நடுவில் மூங்கிலும் இலையுதிர் காடும், மேலே காப்பி என்று இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குள் நிலத்தின் முகமே மாறிவிடுகிறது. பறவை ஆர்வம் உண்டென்றால் பாறையும் புதரும் கலந்த சரிவுகளில் மஞ்சள் தொண்டைச் சின்னானைத் தேடச் சொல்லுங்கள். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, அழியும் அபாயப் பட்டியலில் உள்ள பறவை அது. கூச்ச சுபாவம் மிக்கது; புதரின் உச்சியில் ஒரு கணம் அமர்ந்து குரல் கொடுத்துவிட்டுச் சட்டென்று உள்ளே மறைந்துவிடும். ஒலிப்பதிவைப் போட்டு அதை வரவழைக்கும் வழக்கத்தை நான் வெறுக்கிறேன். பழம் பழுத்த மரத்தடியில் காத்திருந்தால் தானே வரும். மலைக்குப் போக முடியாத ஒரு காலைக்குச் சேலத்திலேயே மூக்கனேரி என்ற ஏரி இருக்கிறது. ஊர்மக்கள் முயன்று சீரமைத்தபோது உள்ளே அமைத்த மண்திட்டுகளில் மரங்கள் வளர்ந்து, கொக்கும் நீர்க்காகமும் அடைகின்றன.

சட்டம் பேசுபவன்:
ட்ரோனை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வரட்டும். 2022 பிப்ரவரி முதல் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை இருப்பதால், விமான நிலையச் சுங்கத்திலேயே சிக்கல் தொடங்கிவிடும். காப்புக்காட்டுக்குள் கையில் கேமராவோடு நடப்பதானாலும் வனத்துறையின் அனுமதி தேவை. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் ஏற்காட்டில் இருக்கிறது. பூச்சி உண்ணும் குடுவைத் தாவரத்தையும் அங்கே பார்க்கலாம். படம் எடுக்கலாமா என்பதை வாயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களில் கேட்காமல் மனிதர்களை நோக்கி லென்ஸைத் திருப்ப வேண்டாம் என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அஸ்தம்பட்டிவாசி:
மூவருக்கும் நன்றி. ஐப்பசி என்றே எழுதிவிடுகிறேன்; தோட்டத்துக்காரர் ஐயா பொறுத்தருள வேண்டும். மழை கடுமையாகப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்பது ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது.

கன்னங்குறிச்சியான்:
உறுத்துவதில் காரணம் இருக்கிறது, ஐயா. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. அதனால் மலைமேல் தங்கும் நாட்களை முதலில் வைத்துக்கொண்டு, மூக்கனேரியையும் மேட்டூரையும் கடைசிக்கு ஒதுக்குங்கள். அடிவாரப் பாதை மூடினால் குப்பனூர் வழி திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். கேமராவுக்கும் ஒரு சொல்: மேலே குளிர்ந்து கிடந்த லென்ஸ், கீழே சேலத்தின் ஈரப்புழுக்கம் பட்டதும் நீர் பூத்துவிடும். இறங்கும்போது பையின் ஜிப்பைப் பூட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டுவைத்து, வீடு வந்து ஒரு மணி நேரம் கழித்தே திறக்கச் சொல்லுங்கள்.