சேலம் ஐ.டி. பெண்கள் சந்திப்பு: சீனியர்கள் திரும்ப வருவதில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் தோழிகளே. சேலத்தில் ஐ.டி. வேலை பார்க்கும் பெண்களுக்காக மாதம் ஒரு சந்திப்பு நடத்துகிறோம். டெஸ்டிங், ஃப்ரண்ட்எண்ட், சப்போர்ட் ஆட்கள்தான் அதிகம். வீட்டிலிருந்தே சென்னை, பெங்களூரு கம்பெனிகளுக்கு வேலை செய்பவர்களும், குழந்தைக்காக வேலையை விட்டு மறுபடி நுழையப் பார்ப்பவர்களும் உண்டு. முதல் தடவை ஆர்வமாக வருபவர்கள் அடுத்த தடவை வருவதில்லை. அதிலும் சீனியர்கள்.

இடம் ஐந்து ரோடு பக்கம், சனிக்கிழமை மாலை 4 முதல் 6. ஆத்தூர், மேட்டூர் பக்கமிருந்து வருபவர்கள் இருட்டுவதற்குள் வீடு சேர 5 மணிக்கே பையைத் தூக்கிவிடுகிறார்கள். காலை 10 மணிக்கு மாற்றினோம். சமையலும் பிள்ளைகளின் டியூஷனும் இடித்தன. ஆன்லைனில் கூகுள் மீட்டில் நடத்தினால் எல்லா கேமராவும் ஆஃப். கேள்வியை அங்கே கேட்காமல், முடிந்தபிறகு தனியாக வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவோ ஃபார்வர்டுகளால் நிரம்பி, பலர் மியூட் போட்டுவிட்டார்கள்.

உருப்படியாக நடந்தது, பயிற்சிக்காக வைத்த மாதிரி இன்டர்வியூ மட்டும்தான். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து 20 நிமிடம் கேள்வி, 10 நிமிடம் குறை நிறை, பிறகு இடம் மாற்றம். ரெஸ்யூமில் உள்ள இடைவெளியைப் பற்றிக் கேட்டதும் குரல் இறங்கிவிடும். "காரணத்தை ஒரே வரியில சொல்லிட்டு, இப்ப செஞ்ச கிட்ஹப் (கோடு போட்டு வைக்கிற தளம்) ப்ராஜெக்டுக்குப் போயிடுங்க" என்று எதிரில் இருப்பவர் திருத்தினால் அடுத்த சுற்றிலேயே பதில் தெளிவாக வருகிறது. ஆனால் ஃப்ரெஷருடன் ஜோடி சேரும் சீனியருக்கு இதில் கிடைப்பது குறைவு. அவர் நின்றுவிட்டால் ரெஃபரல் (தன் கம்பெனியில் வேலைக்குப் பரிந்துரை) கொடுக்கவும் ஆளில்லை.

சின்ன ஊர்களில் இப்படிக் குழு நடத்துபவர்களே, சீனியர்கள் மாதா மாதம் வருவதற்கு உங்களுக்கு எது கைகொடுத்தது?