கிரெங்கோ கோப்ளின் டெக்கை கூட்டாளிகளோட ஆட எப்படி மாத்தறதுங்க?

திருப்பூர்_கோப்ளின்:
வணக்கமுங்க. திருப்பூர்ல நாங்க நாலு பேரு ஞாயித்துக்கெழமை மத்தியானம், கம்பெனி லீவுல, ஒருத்தர் ஊட்டு மாடில மேஜிக் தி கேதரிங் சீட்டாட்டத்துல கமாண்டர் வகை ஆடறோம், அதுல ஆளுக்கொரு தலைவன் கார்டு (கமாண்டர்) இருக்கும். என்ற டெக்குக்கு (சீட்டுக்கட்டுக்கு) தலைவன் கிரெங்கோ மாப் பாஸ், டேப் பண்ணுனா (கார்டைச் சாய்ச்சா) இருக்கற கோப்ளின் எத்தனையோ அத்தனை புதுசா வரும், டெக்கு முழுக்க செவப்பு. டெக்கு ரொம்பவே நல்லா ஓடுது, அதான் பிரச்சனையே. அஞ்சாறு டர்ன்ல போர்டு முழுக்க கோப்ளின் ஆயிருது, பொறவு பர்ஃபரோஸ்ங்கற கார்டு எறங்குனா மூணு பேருக்கும் ஒண்ணா லைஃப் போயிருது. மச்சான் புதுசா வாங்குன ப்ரீகானோட (கடையில ரெடிமேடா வர்ற டெக்கு) வர்றான், அவன் டிராகன் எறங்கறதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சுருது. போன வாரம் "நீ வேற டெக்கு எடுத்தா வர்றேன்"னு சொல்லிட்டான். எனக்கு கிரெங்கோவ விட மனசில்லீங்க, கோப்ளினுக தான் எனக்குப் புடிச்சது. நாலு பேரும் ரசிச்சு ஆடற மாதிரி எதைக் கழட்டறது, எதைப் போடறது? லேண்டைக் (கார்டு எறக்கத் தேவையான மானாவைத் தர்ற கார்டு) கொறைச்சு டெக்கை ஸ்லோ பண்ணலாமான்னும் ஒரு ரோசனை இருக்குது.

உள்ள முக்கியமா இருக்கறது சோல் ரிங், லைட்னிங் க்ரீவ்ஸ், கோப்ளின் சீஃப்டன், ஸ்கர்க் ப்ராஸ்பெக்டர், தார்ன்பைட் ஸ்டாஃப், கோப்ளின் பம்பார்ட்மென்ட், பர்ஃபரோஸ். லேண்ட் 36.

நொய்யல்கரை:
தம்பி, லேண்டுல மட்டும் கை வெச்சுறாதீங்க. லேண்டைக் கொறைச்சா ஒரு ஆட்டத்துல ரெண்டு லேண்டோட ஒக்காந்து மத்தவங்க ஆடறதை வேடிக்கை பாப்பீங்க, அடுத்த ஆட்டத்துல கை நல்லா வந்து பழையபடி எல்லாத்தையும் வாரிருவீங்க, ரெண்டுலயுமே யாருக்கும் சொகமில்ல. கார்டு ட்ராவும் அப்படியே இருக்கட்டும். ஆட்டம் எப்படி முடியுதுங்கறதைத் தான் மாத்தணும்.

மொதல்ல தார்ன்பைட் ஸ்டாஃபைக் கழட்டுங்க. அதை கிரெங்கோவுக்கு மாட்டிட்டு பம்பார்ட்மென்டுக்கு ஒரு கோப்ளினை பலி குடுத்தா எதிராளிக்கு 1 டேமேஜ் போகும், கிரெங்கோவும் அன்டேப் ஆயி நிமிந்துருவான், மறுபடி டேப், மறுபடி பலி, முடிவே இல்லாம சுத்தி மூணு பேரும் அதே டர்ன்ல அவுட். பலி குடுக்க பம்பார்ட்மென்டுக்குப் பதிலா ப்ராஸ்பெக்டர் இருந்தாலும் அந்தச் சுத்து நிக்காது.

அடுத்து பர்ஃபரோஸ். கிரெங்கோ டேப் ஆக ஆக கோப்ளின் 1, 2, 4, 8, 16னு ரெட்டிச்சுட்டே போகும். 8 இருக்கறப்ப டேப் பண்ணுனா புதுசா 8 வரும், பர்ஃபரோஸ் ஒண்ணுக்கு 2 டேமேஜ், ஆளுக்கு 16 போச்சு, அதுவும் அட்டாக்கே பண்ணாம. 40 லைஃப் எத்தனை நேரந்தான் தாங்கும்? இன்டிஸ்ட்ரக்டிபிள் வேற, ஒடைக்க முடியாது. பதிலா இம்பாக்ட் ட்ரெமர்ஸ் போடுங்க, ஒண்ணுக்கு 1 தான், சாதா என்சான்ட்மென்ட், பச்சையோ வெள்ளையோ வெச்சிருக்கறவங்க ஒடைச்சுக்கலாம். பாக்கி லைஃபை கோப்ளினுக அட்டாக்குக்குப் போயித் தான் எடுக்கணும், அப்பத் தான் ப்ளாக் பண்ணவும் போர்டை வைப் பண்ணவும் (மொத்தமா தொடைச்சுப் போடவும்) அவங்களுக்கும் வழி கெடைக்கும்.

பொள்ளாச்சி_எளநி:
அண்ணன் சொல்றதுல ஸ்டாஃப் சரிங்க, பர்ஃபரோஸைத் தூக்கறதுல எனக்குச் சம்மதமில்ல. கழட்ட வேண்டியது லைட்னிங் க்ரீவ்ஸ். அதுல ஹேஸ்டும் வருது ஷ்ரவுடும் வருது, எறங்குன டர்ன்லயே கிரெங்கோ டேப் ஆகறான், மத்தவங்க அவனைக் குறி வெக்கவும் முடியறதில்ல. அது இல்லீன்னா பெரும்பாலும் ஒரு சுத்து முழுசா மூணு பேருக்கும் அவனைத் தூக்க நேரம் இருக்குமில்லீங்க. சீஃப்டன் ஹேஸ்ட் குடுத்தாலும் பரவால்ல, குறி வெக்கலாம். அவனைத் தூக்கற ஸ்வோர்ட்ஸ் டு ப்ளோஷேர்ஸ் கார்டு ஒரே மானா தான். தூக்குன கமாண்டரை மறுபடி எறக்க ஒவ்வொரு வாட்டியும் கூடற கமாண்டர் டேக்ஸ் சேந்து 4 மானா கிரெங்கோ அடுத்தவாட்டி 6, அப்பறம் 8. கூட்டாளிக டெக்குல ரிமூவல் (இப்படித் தூக்கற கார்டு) எத்தனை இருக்குன்னு சித்த பாருங்க, அந்த மச்சானுக்கு நாலஞ்சு நீங்களே சேத்துக் குடுங்க. எல்லாத்தையும் ஒரே டெக்கு தலையில கட்டுனா எப்படி?

மஞ்சக்காடு_ஈரோடு:
காலியாகற எடத்துல டிஸ்ரப்ட் டெக்கோரம் போடுங்க. 4 மானா, எதிராளிக கிரியேச்சர் எல்லாமே கோட் ஆயிரும், கட்டாயம் அட்டாக் பண்ணணும், முடிஞ்ச வரைக்கும் உங்க மேல வரக் கூடாது, அடுத்தவன் மேல தான் போகணும். மச்சானோட டிராகன் போயி இன்னொருத்தன் தலையில விழறப்ப பாருங்க, அந்த ஆட்டத்தை ஒரு மாசம் பேசுவாங்க. கோர்ட் ஆஃப் ஐரும் நல்லாருக்கும், மோனார்க்ங்கற பட்டம் கை மாறிட்டே இருக்கும், அது தர்ற எக்ஸ்ட்ரா கார்டுக்காக ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்குவாங்க.

ஆடறதுக்கு முன்ன பேசிக்கறதும் முக்கியமுங்க. 2025ல மேஜிக் கம்பெனியான விஸார்ட்ஸ் கொண்டு வந்த, டெக்கோட பலத்தைச் சொல்ற பிராக்கெட் 1ல இருந்து 5 வரைக்கும் இருக்குது, 2னா கேம் சேஞ்சர் லிஸ்ட் (ரொம்பப் பலமான கார்டுக பட்டியல்) கார்டு ஒண்ணு கூட கெடையாது, 3னா மூணு வரைக்கும் வெச்சுக்கலாம். ஆனா நம்பரை மட்டும் நம்பிக்கிட்டு ஒக்காராதீங்க, அந்த லிஸ்ட்ல இல்லாத கார்டுகளை வெச்சே கிரெங்கோ பறப்பான். "என்ற டெக்கை சும்மா விட்டா ஏழாவது டர்ன்ல முடிச்சுரும்"னு நேராச் சொல்லிருங்க.

திருப்பூர்_கோப்ளின்:
ரொம்ப நன்றிங்க. ஸ்டாஃபும் க்ரீவ்ஸும் கழட்டியாச்சு. பர்ஃபரோஸை வெளிய வெச்சுட்டு ட்ரெமர்ஸ் போட்டிருக்கறேன். கோர்ட் ஆஃப் ஐரை வாங்கறதுக்கு முன்ன ஜெராக்ஸ் கடையில ப்ரிண்ட் எடுத்து, பழைய மவுண்டன் (செவப்பு லேண்ட்) மேல வெச்சு ஸ்லீவ் போட்டு ஆடிப் பாக்கறேன், எங்க குரூப்புல ப்ராக்ஸிக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சோல் ரிங்கை என்னங்க பண்றது?

நொய்யல்கரை:
மச்சான் ப்ரீகான்லயும் சோல் ரிங் இருக்கும் தம்பி, 2011ல வந்த மொத ப்ரீகான்கள்லயே அது உண்டு. ஆனா உங்களுக்கு அது கூடுதலாவே பொருந்துது, ரிங் மட்டுமே ரெண்டு மானா தரும், ரெண்டு மவுண்டனும் ரிங்கும் சேந்தா சரியா 4 மானா, ரெண்டாவது டர்ன்லயே கிரெங்கோ. அதை எடுத்துட்டு ஒரு மவுண்டன் போட்டு 37 ஆக்கிக்கோங்க. ப்ராக்ஸியை சாதா பேப்பர்லயே எடுங்க, அட்டையில எடுத்தா ஷஃபிள் பண்றப்ப கனம் கையில தெரிஞ்சுரும்.