சோல் எங்கே டிஸ்கோவாக மாறியது? தொகுப்பு இசைத்தட்டுகளைக் கொண்டு காட்ட இயலுமா?

கேள்வி: சாட்ஸ்வர்த் செவிகள், டர்பன், தென்னாப்பிரிக்கா

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தமிழ்ச் சங்கத்தில் மூத்தோருக்காக நடக்கும் மாலைக் கூட்டத்தில், 1965 முதல் 1978 வரையிலான சோல் இசையை, அதாவது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உருக்கமான பாட்டு வகையைப் பற்றிப் பேசும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். என் பெரியப்பா விட்டுச்சென்ற தொகுப்பு இசைத்தட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருப்பதால், அவற்றிலிருந்தே பாடல்களைப் போட்டுக் காட்டலாம் என்று எண்ணினேன். ஆனால் வரிசையாகக் கேட்கும்போது ஓர் இடர்ப்பாடு தெரிகிறது. ஒரு தட்டில் ஓட்டிஸ் ரெட்டிங் உருகிப் பாடுகிறார். அடுத்த தட்டை எடுத்தால் எல்லாம் சீரான அடியில் ஆட வைக்கும் டிஸ்கோவாக இருக்கிறது. இடையில் நடந்த மாற்றம் எந்தத் தட்டிலும் பிடிபடவில்லை. எந்தப் பாடலைப் போட்டால் அது கேட்பவர்களுக்கு விளங்கும்? சோல் இசையை டிஸ்கோ கொன்றுவிட்டது என்று எங்கள் சங்கத்தில் சிலர் சொல்கிறார்கள். அதுவும் சரிதானா என்று அறிய விரும்புகிறேன்.

பதில்: தாளக்காரன், பீனிக்ஸ்

பாட்டை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் காதுகொடுத்துக் கேளுங்கள், அண்ணா. மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் வாசித்த அல் ஜாக்சன், நான்கு அடித் தாளத்தில் இரண்டாம் அடியையும் நான்காம் அடியையும் மயிரிழை தாமதமாகத் தட்டுவார். அந்தத் தாமதத்தில்தான் அந்தச் சோலின் உருக்கமே இருக்கிறது. டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனமோ 1965ஆம் ஆண்டிலேயே சில பாடல்களில் நான்கு அடியிலும், கோலால் அடிக்கும் ஸ்னேர் டிரம்மைத் தட்ட வைத்தது. ஃபோர் டாப்ஸ் குழுவின் ‘ஐ கான்ட் ஹெல்ப் மைசெல்ஃப்’ உங்கள் பெட்டியில் நிச்சயம் இருக்கும். அதில் இதைத் தெளிவாகக் கேட்கலாம்.

பிலடெல்பியாவின் சிக்மா சவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் எர்ல் யங் செய்தது, அந்த நான்கு அடிகளையும் காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்முக்கு இறக்கியதுதான். பிறகு இடது காலால் ஹை-ஹாட் எனப்படும் இரட்டை உலோகத் தாளங்களைச் சற்றே திறந்து, ஒவ்வோர் அடிக்கும் நடுவில் ‘த்ஸ்ஸ்’ என்று ஒரு மூச்சு விட வைத்து, அடுத்த அடி விழும்போது மூடிவிடுவார். ஹெரால்ட் மெல்வின் அண்ட் தி புளூ நோட்ஸ் குழுவின் 1973ஆம் ஆண்டுப் பாடலான ‘தி லவ் ஐ லாஸ்ட்’ பாடலில் அந்த மூச்சு தொடக்கம் முதல் இறுதிவரை கேட்கும். பாடுபவர் டெடி பென்டர்கிராஸ்; குரல் முழுக்க முழுக்கச் சோல், காலடியோ டிஸ்கோ. நீங்கள் தேடும் இடம் அதுவே என்று அடித்துச் சொல்வேன்.

பதில்: பழைய தட்டு, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தாளக்காரன் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். இருப்பினும், உங்கள் தொகுப்புகளில் மாற்றம் ஏன் பிடிபடவில்லை என்பதற்குக் காரணம் வேறு. ஒரு பக்கத்தில் ஆறேழு பாடல்களை அடக்க வேண்டியிருப்பதால், தொகுப்பாளர்கள் வானொலிக்காகச் சுருக்கிய மூன்று நிமிட வடிவத்தையே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். டிஸ்கோ பிறந்ததோ அவ்வாறு வெட்டி எறியப்பட்ட பகுதியில்தான். குரல் ஓய்ந்த பிறகு டிரம்ஸும் பாஸ் கிட்டாரும் மட்டும் நீளும் இடம், வயலின்கள் மெல்லத் திரும்பி வரும் இடம் ஆகியவை இல்லாமல் கேட்டால், வேகம் சற்றுக் கூடிய சோல் பாடலாகவே அது காதில் விழும். ‘தி லவ் ஐ லாஸ்ட்’ பாடலே சிறிய தட்டில் இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பக்கத்துக்கு ஒன்றாக வெளிவந்தது.

டாம் மோல்டன் என்பவர் நடனக் கூடங்களுக்காகப் பாடல்களை நீட்டித்துக் கொடுத்தார். ஒருமுறை ஏழு அங்குல வெற்றுத்தட்டு தீர்ந்துபோனதால் பெரிய தட்டில் பாட்டைப் பதித்துப் பார்த்தபோது, தட்டின் பள்ளக் கோடுகளுக்கிடையே இடம் தாராளமாக இருந்ததால் பாஸ் ஆழமாகவும் ஒலி உரக்கவும் வந்ததாக அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். 1976இல் சால்சோல் நிறுவனம் டபுள் எக்ஸ்போஷர் குழுவின் ‘டென் பர்சென்ட்’ பாடலை, வால்டர் கிப்பன்ஸ் ஒன்பது நிமிடத்துக்கும் மேலாக நீட்டித்த வடிவில், பன்னிரண்டு அங்குலத் தட்டாகக் கடைகளுக்கு அனுப்பியது. அத்தகைய தட்டு ஒன்று கிடைத்தால் விளக்கொளியில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். இசை அடங்கும் இடங்கள் சற்றுக் கருத்த வளையங்களாகக் கண்ணுக்கே தெரியும்.

சுருக்காமல் நீட்டித்த தொகுப்பும் ஒன்று உண்டு. 1977இல் மோல்டன் கலவையில் வந்த ‘பிலடெல்பியா கிளாசிக்ஸ்’ உங்கள் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பதில்: மெரிபேங்க் வாசகி

டிஸ்கோ சோலைக் கொன்றது என்ற கூற்றை நான் ஏற்கமாட்டேன். ஸ்டாக்ஸ் நிறுவனம் 1975 டிசம்பரில் கடனில் மூழ்கி நொடித்தது. அதன் பழியை நடனத் தாளத்தின் மேல் சுமத்துவது நியாயமில்லை. பிலடெல்பியாவில் கென்னி கேம்பிளும் லியோன் ஹஃபும் எழுதியவை வெறும் ஆட்டப் பாடல்களும் அல்ல. ஓஜேஸ் குழுவின் 1973ஆம் ஆண்டு இசைத்தட்டான ‘ஷிப் அஹாய்’, அடிமைக் கப்பலையே தலைப்புப் பாடலின் பொருளாகக் கொண்டது. கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நம் ஊரையும் மறந்துவிடாதீர்கள். ஃபதார் சகோதரர்களின் டர்பன் குழுவான தி ஃப்ளேம்ஸ் 1968இல் ‘சோல்ஃபயர்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டது. 1970இல் அமெரிக்க சோல் பாடகர் பெர்சி ஸ்லெட்ஜ் தென்னாப்பிரிக்காவுக்கே வந்து பாடினார். உங்கள் கூட்டத்துக்கு வரும் மூத்தோர் பலருக்குச் சோல் என்றாலே அந்த மெதுவான உருக்கம்தான். ஆகவே முதலில் ஃப்ளேம்ஸ் பாடல் ஒன்றைப் போட்டுவிட்டு, பிறகு பிலடெல்பியாவுக்கு வாருங்கள், காது பழகியிருக்கும்.

கேட்டவர்: சாட்ஸ்வர்த் செவிகள்

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. ‘பிலடெல்பியா கிளாசிக்ஸ்’ பெட்டியின் அடியில் இருந்தது! அதில் ‘டோன்ட் லீவ் மி திஸ் வே’ பதினோரு நிமிடம் ஓடுகிறது. பென்டர்கிராஸ் மன்றாடி முடித்த பின்னும் பாட்டு முடியாமல் நடந்துகொண்டே இருப்பதைக் கேட்டு வியந்தேன். ஒரே பாடலை இரண்டு வடிவில் அடுத்தடுத்துக் கேட்கும் வகையில் வேறு ஏதேனும் உண்டா?

பதில்: பழைய தட்டு, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

உண்டு. ‘ரீச் அவுட், ஐல் பி தேர்’ பாடலை முதலில் ஃபோர் டாப்ஸ் 1966இல் பாடிய வடிவில் போடுங்கள். அதன் பிறகு குளோரியா கேனரின் 1975ஆம் ஆண்டு இசைத்தட்டான ‘நெவர் கேன் சே குட்பை’யின் முதல் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று பாடல்களை மோல்டன் இடைவெளியே இல்லாமல் கோத்திருக்கிறார். மூன்றாவதாக வருவது அதே ‘ரீச் அவுட்’. அந்தப் பக்கம் முழுவதும் ஏறத்தாழ பத்தொன்பது நிமிடம் ஓடும். ஆகவே நீங்கள் சொல்ல வேண்டியதை முன்னதாகவே சொல்லி முடித்துவிட்டு, முள்ளை இடையில் எடுக்காமல் கடைசிவரை ஓட விடுங்கள்.