ஊருணியைச் சுத்தம் செய்கிறோம், ஆள் குறைகிறது, குப்பை திரும்பி வருகிறது. அடுத்து என்ன செய்யலாம்?

செல்போன் கடைத் தம்பி

எல்லோருக்கும் வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்னப் பேரூராட்சி எங்கள் ஊர். செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன்.

பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் இரண்டரை ஏக்கரில் ஒரு ஊருணி இருக்கிறது. நாலு பக்கமும் செம்புறாங்கல் படி. அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் அதில்தான் குடிதண்ணீர் எடுத்தார்களாம். உள்ளே காலைக்கூட நனைக்க விடமாட்டார்களாம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது குப்பைமேடுதான்.

ஏப்ரல் கடைசியில் வாட்ஸ்அப் குழு தொடங்கி ஞாயிறு காலை 6 மணிக்கு வேலை என்று அறிவித்தோம். முதல் வாரம் 32 பேர் வந்தார்கள். 3 டிராக்டர் குப்பை அள்ளினோம். போன வாரம் ஒன்பதாவது ஞாயிறு, வந்தது 5 பேர். அதைவிட மனசு விட்டுப்போனது எதனால் என்றால், சுத்தம் செய்த தென்கரைப் படியிலேயே மறுபடி பத்துப் பதினைந்து கட்டுப் பைகள் கிடந்தன.

கையில் வசூல் பணம் 18,400 ரூபாய் இருக்கிறது. ஜேசிபி வைத்து ஆழப்படுத்தலாம் என்று சிலர் சொல்கிறார்கள். முதலில் சங்கமாகப் பதிவு செய்யுங்கள் என்கிறார்கள் சிலர். கட்சிக்காரர் ஒருவர் முழுச் செலவையும் ஏற்கிறேன், பேனர் மட்டும் வையுங்கள் என்கிறார். இந்த வேலையைச் செய்து முடித்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

ஜெராக்ஸ் கடை அக்கா

தம்பி, 5 பேர் குறைச்சல் இல்லை. எங்கள் குழுவில் மூன்றாம் மாதம் 4 பேர்தான் மிஞ்சினோம். நான் சிவகங்கைப் பக்கம். கடையில் மனு எழுதித் தருவதால் குழுவின் கணக்கும் மனுவும் என் பொறுப்புக்கு வந்தன.

நாங்கள் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதைச் செய்யாமல் இருந்தால் போதும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து ஊரே லாரித் தண்ணீருக்கு நின்றது. அந்த வேகத்தில் மறு கோடையில் பணம் திரட்டி, ஊருணியில் ஹிட்டாச்சியை இறக்கி மூன்று நாள் வெட்டினோம். போட்டோ எடுத்தோம், பொங்கல் வைத்தோம். ஐப்பசியில் மழையும் பெய்தது. சுற்றி இருந்த வயலெல்லாம் தண்ணீர், ஊருணியில் மட்டும் முழங்கால் அளவு. வானத்திலிருந்து நேராக விழுந்த தண்ணீர் அது. அதுவும் மார்கழிக்குள் பச்சையாகி வற்றிப்போனது.

அப்போது எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கடைக்கு ஆதார் நகல் எடுக்க வந்தார். அவர் அப்பா காலம்வரை, கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடும் நீர்பாய்ச்சி வேலை பார்த்த குடும்பம். "வீட்டுக்குள்ள அண்டாவைத் தேய்ச்சு வச்சுட்டீங்க, குழாய் எங்க இருக்குன்னு யாரும் பாக்கலையே தாயி" என்றார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒன்றே முக்கால் லட்சம், அத்தனையும் ஊர்ப் பணம்.

மறுநாள் விடியக்காலையில் அவரையே கூட்டிக்கொண்டு, ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால் வழியே நடந்தோம். ஊருணியின் வடமேற்கு மூலையில் தொடங்கி, மேலே கண்மாயின் உபரித் தண்ணீர் வழியும் கலுங்கு வரை ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். வழியில் நாலு இடத்தில் அடைப்பு. இரண்டு இடத்தில் சீமைக்கருவேல். ஒரு வீட்டுக்காரர் வண்டி ஏற்ற வாசலில் போட்ட சிமெண்ட் சாய்தளம் வாய்க்காலை மூடியிருந்தது. நாலாவது, தார்ச்சாலை. ஒவ்வொரு தடவையும் சாலையை உயர்த்தி உயர்த்தி, அடியில் இருந்த சின்னப் பாலத்தின் வாயே தெரியவில்லை. பெரியவர் கம்பால் குத்திக் காட்டிய இடத்தில் தோண்டினால் கல் வளைவு வந்தது. உள்ளே மேல்கூரை வரை மண்ணும் பாட்டிலும்.

ஆகையால் ஜேசிபியை விடுங்கள். உங்கள் 18,400-ஐத் தொடவே வேண்டாம். முதலில் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று தெரிந்த எழுபது வயதுக்காரர் ஒருவரைக் கண்டுபிடியுங்கள். அவரோடு நடங்கள்.

சாய்தளம் போட்ட அம்மா வீட்டுக்குப் போகும்போது சண்டை வரும் என்று எல்லோரும் பயந்தோம். இரண்டு பெண்கள் மட்டும் போனோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அப்ப என் மகன் வண்டிய எங்க ஏத்துவான்?" நியாயமான கேள்வி. சாய்தளத்தை உடைத்து, அடியில் இரண்டடி சிமெண்ட் குழாய் பதித்து, மேலே பழையபடியே பூசிக் கொடுத்தோம். குழுவின் பணத்தில் நாங்கள் செய்த உருப்படியான முதல் செலவு அது. அந்த அம்மாதான் இப்போது அந்தக் குழாயில் இலை தழை சேராமல் பார்த்துக்கொள்கிறார்.

சீமைக்கருவேலை அரிவாளால் வெட்டி வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அடிக்கட்டை இருந்தால் ஒரு மழைக்கு நாலு கிளையாகத் தழைக்கும். வேரோடு பிடுங்க வேண்டும். ஆடுமாடு நெற்றைத் தின்று சாணி போடும் இடமெல்லாம் முளைக்கும், அதனால் வருடம் ஒருமுறை கன்றாக இருக்கும்போதே கையால் பிடுங்கிவிடுகிறோம். ஜேசிபி தேவைப்பட்டது இந்தத் தூருக்குத்தான்.

ஆள் குறைவதற்கு ஒரு காரணம் நேரமாக இருக்கலாம். நாங்களும் காலை 6 மணி என்றுதான் வைத்திருந்தோம். அந்த நேரத்தில் எந்த வீட்டுப் பெண் அடுப்பை விட்டு வருவாள்? மாலை நாலரைக்கு மாற்றினோம், முதல் வாரமே 9 பெண்கள் வந்தார்கள். ஆறு மணி அடித்தால் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுத்தால் அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

குப்பையைப் போடுகிறவர்களைத் திட்டி பலகை வைக்காதீர்கள். பையைப் பிரித்துப் பாருங்கள். எங்கள் ஊரில் பாதி குழந்தைகளின் டயப்பர், மீதி கோழி இறகு. டயப்பர் எல்லாம் பின்தெரு இரண்டிலிருந்து வந்தது. ஏன் என்று எங்களுக்குச் சொன்னது தூய்மைப் பணியாளர் அக்காதான். பேட்டரி வண்டி அந்தச் சந்துக்குள் திரும்பாது, அதனால் அங்கே யாரும் குப்பை வாங்கப் போவதில்லை. பேரூராட்சியில் ஒரு தள்ளுவண்டி கேட்டு வாங்கினோம், பாதிக் குப்பை நின்றது. கோழிக்கடைக்காரர்களிடம் பேசித் தீர்க்க ஐந்து மாதம் ஆனது.

அப்புறம் கணக்கு. ஒவ்வொரு ஞாயிறும் வரவு செலவை ஒரு தாளில் எழுதி என் கடைக் கதவில் ஒட்டுவேன். டீ, வடை உட்பட. 20 ரூபாய் கொடுத்த பூக்கார அம்மா பெயரும் 10,000 கொடுத்தவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கும். கட்சிக்காரரிடம் பேனர் மட்டும் முடியாது அண்ணே, தாளில் உங்கள் பெயரும் வரும் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். எங்கள் ஊர்க்காரர் அதன் பிறகும் டிராக்டருக்கு டீசல் கொடுத்தார்.

சங்கிலி பிடித்தவன்

நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அக்கா சொன்ன நடைக்குப் போகும்போது கையில் வரைபடமும் இருக்கட்டும். அரசின் இ-சேவைத் தளத்தில் புல எண்ணைக் கொடுத்தால் நிலத்தின் அளவைக் காட்டும் புலப்படமும், அது யாருடையது, என்ன வகை என்று சொல்லும் 'அ' பதிவேடும் கிடைக்கும். வாய்க்கால் புறம்போக்கு என்று பதிவேட்டில் இருந்தால் உங்கள் பேச்சுக்கு எடை கூடும். அகலத்தில் தகராறு வந்தால் நீங்களே டேப் பிடிக்காதீர்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து, சர்வேயர் வந்து கல் ஊன்றிய பிறகு கை வையுங்கள்.

எது யார் பொறுப்பு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் நீர்வளத்துறையுடையது, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துடையது. ஊருணிக்குப் பெரும்பாலும் உங்கள் பேரூராட்சி செயல் அலுவலரிடம்தான் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

வண்டல் மண்ணை அனுமதி இல்லாமல் டிராக்டரில் ஏற்றினால் வண்டி பறிமுதலாகும். நல்ல நோக்கம் என்றாலும் அதே சட்டம்தான். விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் எடுக்க மண்ணுக்குக் கட்டணம் கிடையாது. 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார்.

சங்கப் பதிவுக்கு 1975-ஆம் வருடச் சட்டப்படி 7 பேர் போதும். ஆனால் பதிவு செய்துவிட்டால் வருடா வருடம் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும், அதற்கு ஒருவர் பொறுமையாக உட்கார வேண்டும். பெரிய தொகை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். மக்களும் அரசும் சேர்ந்து செலவு செய்யும் நமக்கு நாமே திட்டத்துக்குப் போனால் மக்கள் பங்கு என்று ஒரு தொகை கட்ட வேண்டும். கையில் இருப்பதைச் செலவழிக்காதீர்கள் என்று அக்கா சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கடைமடை

பேராவூரணிப் பக்கம் தென்னை விவசாயி நான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தபோது தாத்தா வைத்த மரங்கள் அத்தனையும் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. விடிந்ததும் தோப்புக்குள் போனால் வானம் தெரிந்தது. அதுவரை எங்கள் தோப்பில் வானம் தெரிந்ததே இல்லை. அதை இன்னும் மறக்க முடியவில்லை.

அந்த அடிக்குப் பிறகு மறு வருடம் எங்கள் பகுதி இளைஞர்களும் விவசாயிகளும் கைஃபா என்ற பெயரில் சேர்ந்து பேராவூரணி பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். 500 ஏக்கருக்கு மேல் பரப்பு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பியது, உள்ளூரில் கொடுத்தது என்று மக்கள் பணத்தில் தொடங்கிய வேலை. பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் அதைப் பார்த்துத்தான் தைரியம் வந்தது, நானும் அப்படித்தான் எங்கள் ஊர்க் குளத்தில் இறங்கினேன். கல்லணைக் கால்வாயின் கடைசியில் இருக்கிறோம், மேட்டூர் திறந்தாலும் எங்களுக்கு எட்டும்போது எட்டும். அதனால் வருகிற தண்ணீரைப் பிடித்து வைக்கக் குளம் வேண்டும்.

ஆழம் பற்றி ஒன்று. ஆழமாக வெட்டினால் நிறையத் தண்ணீர் என்று ஆசைப்படாதீர்கள். குளத்தின் அடியில் களிமண் படிந்து ஒரு தட்டு மாதிரி இருக்கும், தண்ணீரைத் தாங்குவதே அதுதான். எங்கள் பக்கத்து ஊரில் அதை உடைத்து மணல் தெரிய வெட்டினார்கள், நிரம்பிய குளம் இருபது நாளில் இறங்கிவிட்டது. இரண்டு மூன்று இடத்தில் சின்னக் குழி போட்டு, மண் எந்த அடியில் மாறுகிறது என்று பார்த்துவிட்டு அதற்கு மேலேயே நிறுத்துங்கள்.

கரையில் பனை விதை போடுங்கள். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும், காசு கொடுக்க வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகளை விட்டுப் பொறுக்கச் சொன்னால் ஒரே நாளில் சாக்கு சாக்காகக் கொண்டுவருவார்கள்.

செல்போன் கடைத் தம்பி

அக்கா, ஐயா, எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை நாலரைக்கு நடந்தோம். 7 பேர், கூட என் அம்மாவும் எதிர்வீட்டுத் தாத்தாவும். தாத்தாவுக்கு முட்டிவலி, அதனால் பாதித் தூரம் வண்டியில் வைத்து மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனோம். வாய்க்கால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். கண்மாய்ப் பக்கம் நன்றாகவே இருக்கிறது, கருவேல் மட்டும்தான். ஆனால் ஊருக்குள் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், பாத்திரம் கழுவுவதற்குத் தளம் போட்டு வாய்க்காலை அடைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் சின்ன வயதில் மீன் பிடித்ததாகத் தாத்தா சொன்னார். சிமெண்டைக் காலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பைகளையும் பிரித்துப் பார்த்தோம். எங்கள் ஊரில் முக்கால்வாசி அந்த மண்டபத்து வாழை இலையும் தண்ணீர் பாட்டிலும்தான். மண்டபக்காரர் ஊரில் பெரிய ஆள். மனுவே போட்டுவிடலாமா?

ஜெராக்ஸ் கடை அக்கா

மனுவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கொடுக்காதீர்கள். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து, தாத்தாவையும் அம்மாவையும் முன்னால் விட்டு நேரில் போங்கள். தளத்தை எடுங்கள் என்று தொடங்க வேண்டாம், அடியில் குழாய் பதிக்க இடம் கொடுங்கள், கூலி எங்களுடையது என்று கேளுங்கள். உங்கள் 18,400-க்கு இப்போது வேலை வந்துவிட்டது. பாத்திரம் கழுவும் தண்ணீர் வாய்க்காலில் விழாமல் ஓரமாக ஒரு உறிஞ்சுகுழியும் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் எண்ணெயும் சோறும் ஊருணிக்கு வந்து சேரும். இரண்டு தடவை போயும் மசியாவிட்டால் அந்தத் திங்கட்கிழமை மனு.

புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். எங்களுக்கு முதல் தண்ணீர் வந்தது ஒரு ராத்திரி ஏழரை மணிக்கு. டார்ச் அடித்துக்கொண்டு பாலத்தடியில் நின்றோம். முதலில் சருகு நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் டீ நிறத்தில் நுரை, அதன் மேல் ஒற்றைச் செருப்பு ஒன்று, அதற்குப் பின்னால் கயிறு மாதிரி மெலிசாகத் தண்ணீர். பையன்கள் அதோடு ஊருணி வரைக்கும் ஓடினார்கள். பெரியவரை வீட்டிலிருந்து கூட்டிவரச் சொல்லி நான் ஆள் அனுப்பியிருந்தேன், அவர் வந்து சேர்வதற்குள் தண்ணீர் மூன்றாவது படியைத் தாண்டிவிட்டது. நீங்கள் மழை இறங்கும்போதே தாத்தாவை வண்டியில் ஏற்றிவிடுங்கள்.