நடைபாதையில் படுப்பவர்களுக்கு உதவ நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை (சென்னை)

இரவுச் சுற்று, பாரிமுனை பகுதி:
வீடற்றோர் காப்பகத்துக்கு வர மறுப்பவரைக் குடிகாரர், சோம்பேறி என்று எழுதிவிடுவது பெரிய அநியாயம். டார்ச்சை முகத்தில் அடிக்காதீர்கள். நாலடி தள்ளி உட்கார்ந்து, "சாப்டீங்களா"வுக்கு அடுத்தபடியாக "வேலை எங்கே, எத்தனை மணிக்கு" என்று கேளுங்கள். கோயம்பேட்டில் லோடு இறக்குபவருக்கு வேலையே நள்ளிரவில்தான். பத்து மணிக்குக் கதவைப் பூட்டும் இடம் அவருக்கு எதற்கு? மீன்பாடி வண்டிக்காரர் (சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி) வண்டியை விட்டு வரமாட்டார், அது அவர் சோறு. காப்பகத்தில் வண்டி நிறுத்த இடம் உண்டா என்று முன்பே விசாரித்துவிட்டுப் போங்கள். ஆணுக்கு ஓரிடம், பெண்ணுக்கு ஓரிடம் என்று பிரித்தால் குடும்பம் அசையாது.

2024-இல் முடிந்த மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிப்படி, நகர மக்கள்தொகையில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், தங்குபவர் ஆளுக்கு 50 சதுர அடி, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று இருந்தது. பகலில் பூட்டியிருந்தால் இதைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள்.

மனு எழுதிக் கொடுப்பவர்:
தங்குமிடத்தோடு அடையாளக் காகிதங்களும் வேண்டும். முகவரி இல்லையென்றால் ஆதார் கிடைக்காது என்று பலர் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அது தவறு. ஆதார் ஆணையத்தின் மாதிரிச் சான்றுப் படிவத்தில் கவுன்சிலர், எம்.எல்.ஏ., தாசில்தார் போன்றவர்களோ அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளரோ கையெழுத்திடலாம். முத்திரை பாதி போட்டோ மேலும் பாதி தாள் மேலும் விழ வேண்டும்; தனித்தனியாக இருந்தால் கவுண்டரில் திருப்பிவிடுவார்கள். சான்று 3 மாதம்தான் செல்லும். முதல் பதிவுக்குக் கட்டணம் இல்லை. மூட்டை தூக்கித் தூக்கிக் கைரேகை தேய்ந்தவர்களுக்குக் கருவிழிப் பதிவு கைகொடுக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 6-இல் படுக்கும் இடத்தையே எழுதலாம்: "வால்டாக்ஸ் சாலை, இன்ன கடைக்கு எதிரில்". வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில், ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் வந்து பார்த்து, அங்கேதான் தூங்குகிறார் என்று உறுதி செய்தால் முகவரிச் சான்றே வேண்டாம். பகலில் வந்தால் ஆள் வேலைக்குப் போயிருப்பார், "இல்லை" என்று குறித்துவிடுவார்கள். அதனால் "இரவு 10 மணிக்கு மேல் இருப்பேன்" என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

மனநலக் களப்பணி:
மனம் குழம்பித் தெருவில் அலைபவரைக் கண்டால் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 100: போலீஸ் அவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது, காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் யாரும் கேட்பதில்லை.

வார்டு வேலை:
பெண்களின் பாதுகாப்பு என்றதும் எல்லாரும் கேமரா கேட்கிறார்கள். அதற்கு முன் பொதுக் கழிப்பறை ராத்திரியில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் அவர்கள் இருட்டான சந்துக்குத்தான் போகிறார்கள், ஆபத்து அங்கே. கம்பத்தில் விளக்கு எரிந்தும் மரக்கிளை மறைத்தால் கீழே இருட்டுதான். மாநகராட்சிப் புகார் எண் 1913-க்குப் புகார் சொல்லும்போது கம்பத்தின் எண்ணைச் சொல்லி, கிளை வெட்டவும் சேர்த்துக் கேளுங்கள்.

குடியிருப்பு விவகாரம்:
வீடு கொடுத்தும் திரும்பி வந்துவிட்டார்கள் என்ற புகாருக்குப் பதில் தூரம்தான். மறுகுடியமர்வு வீடுகள் இருக்கும் பெரும்பாக்கத்திலிருந்து பாரிமுனை 25 கி.மீ.க்கு மேல். விடிகாலை நாலு மணி வேலைக்கு எந்த பஸ்? ஆகவே அருகிலேயே வீடு கேட்பது நியாயமான கோரிக்கை, விடாமல் கேளுங்கள். ஆனால் வீடு ஒதுக்க நடத்தும் கணக்கெடுப்பில் பெயர் இல்லையென்றால் ஒதுக்கீட்டிலும் இருக்காது. நடைபாதைக் குடும்பங்கள் விட்டுப்போவது அந்த இடத்தில்தான். தேதி தெரிந்ததும் முந்தின இரவே சொல்லிவையுங்கள், ஒருவராவது சாமான்களோடு இடத்தில் இருக்கட்டும். கணக்கெடுப்பவர் கொடுக்கும் சீட்டை உடனே போட்டோ எடுத்து, இன்னொருவர் போனிலும் வைத்துவிடுங்கள். மழையில் முதலில் போவது காகிதம்தான்.