உதவி: புரோட்டீன் சாக்லேட் டோனட் ரப்பர் மாதிரி வருகிறது, எங்கே தப்பு?

ஈச்சனாரி அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். மூன்று ஞாயிறாக இதே பாடு. பையன் காலேஜ் இரண்டாம் வருஷம், புதிதாக ஜிம்முக்குப் போகிறான். கடை டோனட் என்றால் உயிர். "அதில் மைதாவும் எண்ணெயும்தான் இருக்கு, நானே வீட்டில் புரோட்டீன் போட்டுச் செய்து தரேன்" என்று வாயை விட்டுவிட்டேன்.

நான் போட்ட அளவு, 6 டோனட்டுக்கு: சாக்லேட் வே புரோட்டீன் 2 ஸ்கூப் (60 கிராம்), மிக்ஸியில் அரைத்த ஓட்ஸ் 60 கிராம், கோகோ 25 கிராம், ஆப்ப சோடா 1 டீஸ்பூன், முட்டை வெள்ளைக்கரு 3, தயிர் 100 கிராம், கரைக்கக் கொஞ்சம் பால், சர்க்கரைக்குப் பதில் ஸ்டீவியா என்கிற இனிப்பு. எண்ணெய், வெண்ணெய், சர்க்கரை எதுவும் கிடையாது. ஓடிஜியில் (மேசை மேல் வைக்கிற சின்ன மின் அடுப்பு) 180 டிகிரி, 18 நிமிடம்.

அடுப்பிலிருந்து எடுக்கும்போது பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆறினதும் கடித்தால் இழுக்கிறது, மென்றால் தொண்டையை அடைக்கிறது. போதாக்குறைக்கு ஒரு சோப்பு வாடை வேறு. பையன் ஒன்றைத் தரையில் போட்டு எகிறுகிறதா என்று பார்த்தான். வீட்டுக்காரரோ, "சூடு பட்டாலே புரோட்டீன் செத்துப்போகும், எதுக்கு இந்த வேலை" என்கிறார். அது நிஜமா? யாராவது சொல்லுங்கள்.

வெட்டி ஆபீசர்:
பேசாமல் ஒரு கிண்ணம் சுண்டல் கொடுங்கள் அக்கா. எகிறாது.

மாவுக்கை:
சுண்டல் தெரியாமலா அவர் இங்கே வந்து கேட்கிறார்.

அம்மா, முதலில் உங்கள் வீட்டுக்காரருக்குப் பதில். சூட்டில் புரோட்டீனின் உருவம்தான் மாறும், சத்து எங்கும் போகாது. முட்டையை வேகவைத்துத்தானே சாப்பிடுகிறோம்? உங்கள் சிக்கல் அந்த உருவ மாற்றத்தில்தான் இருக்கிறது. வே என்பது பனீர் எடுத்தபின் மிஞ்சும் தண்ணீரில் இருக்கிற புரோட்டீன். ஏறக்குறைய 70 டிகிரியைத் தாண்டினாலே அது திரண்டு கெட்டியாகி, உள்ளே இருக்கும் ஈரத்தைப் பிழிந்து வெளியே தள்ளும். ஆம்லெட்டை அடுப்பிலேயே மறந்துவிட்டால் தோல் மாதிரி ஆகுமே, அதே கதை. நீங்கள் போட்ட மாவு, கோகோ, பவுடர் எல்லாம் சேர்த்து 145 கிராம், அதில் 60 வே. பத்தில் நாலு பங்கு! கால் பங்கைத் தாண்டினாலே இழுவை வந்துவிடும்.

அதோடு வெறும் வெள்ளைக்கரு வேறு. அதுவும் வெந்தால் இறுகுகிற சரக்குதான். இறுகாமல் தடுக்க வேண்டிய மஞ்சள் கரு, எண்ணெய், சர்க்கரை மூன்றையும் நீங்களே வெளியேற்றிவிட்டீர்கள். சர்க்கரை வெறும் இனிப்புக்கு மட்டுமில்லை, ஈரத்தைப் பிடித்து வைப்பதும் அதுதான். ஸ்டீவியாவால் அது முடியாது.

பழைய பேக்கரிக்காரன்:
சோப்பு வாடைக்குக் காரணம் ஆப்ப சோடா. இந்த அளவு மாவுக்குக் கால் டீஸ்பூன் போதும், நீங்கள் போட்டது நாலு மடங்கு. சோடாவுக்குப் புளிப்பு வேண்டும். அந்தத் தயிர் கால் டீஸ்பூனுக்குத்தான் ஈடுகொடுக்கும், மீதி அப்படியே நாக்குக்கு வரும்.

உங்கள் கோகோ டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். அசிடிட்டி ரெகுலேட்டர் 500 அல்லது 501 என்று போட்டிருந்தால் அது காரம் சேர்த்துப் புளிப்பை எடுத்த கோகோ. டச்சு கோகோ என்பார்கள். நிறம் நல்ல கருப்பாக வரும், சோடாவுக்கு உதவாது. எந்த கோகோ என்று குழம்பவே வேண்டாம் என்றால் சோடாவை விட்டுவிட்டு பேக்கிங் பவுடருக்கு மாறிவிடுங்கள்.

அப்புறம் 18 நிமிடம் ரொம்ப அதிகம். டோனட் நடுவே ஓட்டை இருப்பதால் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் வேகும். 9 அல்லது 10 நிமிடத்தில் பல் குச்சி குத்திப் பாருங்கள். இரண்டு ஈரத் துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்தால் எடுத்துவிடலாம், மீதி அச்சின் சூட்டிலேயே வெந்துவிடும். குச்சி சுத்தமாக வரட்டும் என்று காத்திருந்தால் புரோட்டீன் மாவு அதற்குள் வறண்டுபோயிருக்கும்.

ஈச்சனாரி அம்மா:
டப்பாவில் 501 என்று இருக்கிறது! இத்தனை நாள் அந்த எழுத்தைப் படித்ததே இல்லை. ஆனால் வேயைக் குறைத்தால் புரோட்டீனும் குறையுமே? என் கணக்கில் இப்போது ஒரு டோனட்டுக்கு 12 கிராமுக்கு மேல் வருகிறது. அதைக் காட்டித்தான் பையனைச் சாப்பிட வைக்கிறேன்.

மாவுக்கை:
குறையாது. பாதி வேயை அடுப்புக்கே அனுப்பாதீர்கள். மேலே ஊற்றும் சாக்லேட் பூச்சில் போடுங்கள். வேகாத வே இறுகாது.

நான் வீட்டில் செய்கிற அளவு இது, 6 டோனட்டுக்கு. கோதுமை மாவு 70 கிராம், வே 25, கோகோ 15, பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. இவற்றைச் சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வடித்த கட்டித் தயிர் 100 கிராம் (கால் கிலோ தயிரைத் துணியில் கட்டி இரண்டு மூன்று மணி நேரம் தொங்கவிட்டால் கிடைக்கும்), முழு முட்டை 1, நாட்டுச்சர்க்கரை 45 கிராம், எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், ஆறின காபி டிகாஷன் 40 மில்லி. இவற்றைத் தனியாக அடித்துவிட்டு மாவில் ஊற்றிக் கிளறுங்கள். மாவு மறைந்ததும் கரண்டியை வைத்துவிட வேண்டும், அடித்துக்கொண்டே இருந்தால் கோதுமையும் இழுக்க ஆரம்பிக்கும். டிகாஷன் போட்டால் காபி வாசம் பெரிதாகத் தெரியாது, சாக்லேட் வாசம்தான் தூக்கலாக இருக்கும்.

கணக்கு: மாவில் 8, வேயில் 20, கோகோவில் 3, தயிரில் 8, முட்டையில் 6. மொத்தம் 45 கிராம், ஒன்றுக்கு ஏழரை. பூச்சுக்கு வே 30 கிராம், கோகோ 1 டேபிள்ஸ்பூன், பால் இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன். அதில் ஒன்றுக்கு நாலரை. ஆக 12. உங்கள் எண் அப்படியே இருக்கிறது.

கணக்குப்புலி:
ஒரு குறுக்குக் கேள்வி. ஆரோக்கியம் என்று சொல்லிவிட்டு நாட்டுச்சர்க்கரை போடுவது என்ன நியாயம்? கலோரியில் வெள்ளைச் சர்க்கரைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

மாவுக்கை:
சரிதான், நான் மறுக்கவில்லை. வாசத்துக்காகவும் ஈரத்துக்காகவும்தான் போடுகிறேன். ஒன்றுக்கு ஏழரை கிராம் வருகிறது. குறைக்க வேண்டுமானால் வேகவைத்து மசித்த பரங்கிக்காய் 50 கிராம் சேர்த்து, டிகாஷனை ஒரு டேபிள்ஸ்பூனாகக் குறைத்து, சர்க்கரையை 25 ஆக்கலாம். கோகோ வாசத்தில் பரங்கி இருப்பதே தெரியாது.

பெரியநாயகி:
வே பவுடர் விலை கட்டுப்படியாகாதவர்கள் பொட்டுக்கடலையைப் பொடித்துப் போட்டுப் பாருங்கள். 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரோட்டீன். ஏற்கனவே வறுத்தது என்பதால் கடலை மாவு மாதிரி பச்சை வாடை அடிக்காது. வே அளவுக்குப் புரோட்டீன் ஏறாது, ஆனால் இறுகவும் இறுகாது. என்னிடம் டோனட் அச்சும் இல்லை, ஓவனும் இல்லை. பணியாரக் கல்லில் எண்ணெய் தடவி, சிறு தீயில் மூடி வைத்து, ஒரு தடவை திருப்பிப் போடுவேன். ஓட்டை இல்லாத டோனட். பேரப் பிள்ளைகள் "சாக்லேட் பணியாரம்" என்றுதான் கேட்கிறார்கள்.

ஈச்சனாரி அம்மா (ஞாயிறு மாலை):
செய்துவிட்டேன். முதலில் நல்ல சேதி: மெத்தென்று வந்தது, சோப்பு வாடை துளிகூட இல்லை. ஆனால் இரண்டு கூத்து.

ஒன்று, 9 நிமிடம் என்று சொன்னீர்களே, எனக்கு 7 நிமிடத்திலேயே விளிம்பு கருகப் பார்த்தது. சந்தேகப்பட்டு ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி உள்ளே வைத்தேன். டயலில் 180 வைத்தால் உள்ளே 205 காட்டுகிறது! அடுத்த தடவை டயலை 160 பக்கம் வைத்து, தெர்மாமீட்டர் 175 காட்டியபின் உள்ளே வைத்தேன், 10 நிமிடம் சரியாக இருந்தது.

இரண்டாவது, பூச்சு. பவுடர் நன்றாகக் கரையட்டும் என்று பாலைக் கொதிக்கவைத்து ஊற்றினேன். திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகிவிட்டது. அதைத் தூர ஊற்ற மனசில்லாமல் நானே குடித்தேன்.

மாவுக்கை:
ஐயோ, அது என் தப்பு. பால் ஆறியிருக்க வேண்டும் என்று எழுதாமல் விட்டுவிட்டேன். வேகாமல் இருக்கட்டும் என்றுதான் பூச்சுக்கு மாற்றினோம், கொதிக்கிற பாலை ஊற்றினால் அங்கேயே வெந்துவிடும். பிரிட்ஜ் பாலை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டுக் குழையுங்கள். முதல் ஸ்பூனுக்கு மண் மாதிரி இருக்கும், மூன்றாவது ஸ்பூனில் வழவழப்பாகிவிடும். டோனட்டும் முழுசாக ஆறின பிறகுதான் முக்க வேண்டும்.

பழைய பேக்கரிக்காரன்:
ஓடிஜியில் டயலை நம்பக் கூடாது. மேலும் கீழும் கம்பி சிவக்கிற மாடலாக இருந்தால் நடுத்தட்டில் வையுங்கள், 15 நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். அச்சைவிட்டு எடுக்கும்போது பிய்கிறதா? 5 நிமிடம் அப்படியே ஆறவிட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் முளையிலும் எண்ணெய் தடவ மறக்காதீர்கள், எல்லோரும் விட்டுவிடுகிற இடம் அது.

ஈச்சனாரி அம்மா:
ஆமாம், இரண்டு அந்த முளையில்தான் மாட்டிக்கொண்டு பிய்ந்தது. இன்று மாலை குளிர்ந்த பாலில் பூச்சைத் திரும்பச் செய்தேன், கண்ணாடி மாதிரி வந்தது. பையன் மூன்று சாப்பிட்டான். ஒன்று மாமியாருக்கு. அவர் கேட்ட ஒரே கேள்வி, "இதில் ஏன் ஏலக்காய் போடலை?" கடைசியாக ஒன்று: ஒரு வாரத்துக்குச் சேர்த்துச் செய்து வைக்கலாமா?

மாவுக்கை:
பூச்சு இல்லாமல் டப்பாவில் மூடி பிரீசரில் வையுங்கள், வாரம் தாங்கும். வேண்டும்போது வெளியே எடுத்துக் குளிர் போகவிட்டு, அன்றைக்கே பூச்சு குழைத்துத் தடவுங்கள். வெறும் பிரிட்ஜில் வைத்தால் மறுநாளே காய்ந்துவிடும். ஏலக்காய் போடலாம், தப்பில்லை, ஆனால் டிகாஷனை விட்டுவிட வேண்டும்.

வெட்டி ஆபீசர்:
அந்த மூன்று ஞாயிறு டோனட் மீதி இருந்தால் சொல்லுங்கள் அக்கா, எங்கள் தெருப் பசங்களுக்குக் கிரிக்கெட் பந்து தேவைப்படுகிறது.